கழுதைக்கு வைத்த காது

எங்கள் பட்டறையில் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேருக்குப் பல் தயாராகும். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் அக்ரிலிக்கை நிரப்பி, வெந்நீரில் வேகவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவோம். மெழுகு வேலை என்னுடையது. பக்கத்து மேசையில், ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் இடத்தில், அக்கா உட்கார்ந்திருப்பாள். கூடப் பிறந்தவள் இல்லை. பதினாறு வருஷமாக முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நிறம் பார்ப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. எல்லோரும் ஷேடு அட்டையைப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எண்ணைக் குறித்து, அதோடு கையைக் கழுவிவிடுவார்கள். அக்கா மட்டும் அந்த ஆள் டீ குடிக்கிறவரா, புகை பிடிக்கிறவரா, எந்தப் பக்கம் மெல்லுகிறவர் என்று கேட்டு, பல்லின் ஓரத்தில் ஒரு மஞ்சளும் அடியில் ஒரு சாம்பலும் தீற்றுவாள். புதுப் பல் என்று பார்த்தவுடன் தெரிந்தால் அது பல்லே இல்லை என்பது அவள் கட்சி. சில டாக்டர்கள் இதற்காகவே எங்களிடம் அனுப்பினார்கள்.

வயது நாற்பத்தெட்டு. வீட்டுக்காரர் லிப்ட் பழுதுபார்க்கிறவர். மேலும் கீழும் போய் வருவதிலேயே பேச்சு தீர்ந்துவிடுமோ என்னவோ, வீட்டில் அளந்துதான் பேசுவார். ஒரே மகள் வெளியூரில் படிக்கிறாள். இதுவரை கேட்டால் ஊரில் பாதிப் பேருடைய கதை. அக்காவிடம் மீதி ஒன்று இருந்தது. அது பட்டறையில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் பொம்மைப் பைத்தியம்.

சொன்னால் சிரிப்பீர்கள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தவள்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் 'பெட்டிக்காரர்கள்' என்று ஒரு பொம்மை வரிசை வந்தது. கையளவு பிளாஸ்டிக் மிருகங்கள். ஒவ்வொன்றின் கையிலும் திறந்து மூடுகிற ஒரு பயணப் பெட்டி. நரியின் பெட்டியில் குடை, ஆமையின் பெட்டியில் தலையணை, கழுதையின் பெட்டியில் ஒரு மூக்குக்கண்ணாடி. ஆறே வருஷத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மருந்துக்கடை மேசையில் கழித்துக்கட்டப் போட்டிருந்த ஆமையை அக்கா வாங்கினாள். ஏன் வாங்கினாய் என்று கேட்டால், அது எங்கேயோ கிளம்பிவிட்ட மாதிரி நின்றது, தனக்கு அப்படிக் கிளம்ப ஆசையாக இருந்தது என்பாள்.

இந்தப் பொம்மைகளுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. நாலாயிரம் பேர். ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. அக்காவுக்கு அங்கே 'கடைவாய்' என்று பெயர். பல்லை விட்டு அவளால் அவ்வளவு தூரம்தான் போக முடிந்தது.

குழுவில் பொம்மை வைத்திருப்பதைவிடப் பெரிய விஷயம் பொம்மையை வரைவது. அதிலும் அவர்களுக்கென்று ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. இன்னொருவருடைய பொம்மையை வரைந்து கொடுத்தால், அது இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே வரைய வேண்டும். நாய் கடித்த வால், வெயிலில் வெளுத்த முதுகு, குழந்தை பேனாவால் போட்ட மீசை, எதையும் விடக்கூடாது. கண்ணின் பார்வை மட்டும் வரைகிறவர் இஷ்டம். இதற்குப் பெயர் 'சொந்தப் படம்'. பழுதை மறைத்துப் புதிதுபோல வரைந்துவிட்டால் 'கடைப் படம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அதைவிடக் கேவலம் அந்த உலகத்தில் கிடையாது. அக்காவுக்காகவே யாரோ போட்ட சட்டம் மாதிரி இருந்தது.

வருஷத்தின் கடைசி வாரத்தில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஐந்து ஓவியர்களின் பெயரைப் போடுவார்கள். முதல் பெயருக்கு உரியவரின் பொம்மையைச் சொந்தப் படமாக வரைந்து கூடவே வைக்க வேண்டும். பரிசு, பட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அக்கா பல்லுக்குப் பதில் போனைத்தான் தேய்ப்பாள். ஒன்பது வருஷமாக அவள் பட்டியலில் முதல் பெயர் 'பொத்தான்'. பொத்தானின் பட்டியலில் முதல் பெயர் 'கடைவாய்'.

பொத்தானை நான் பார்த்ததில்லை. அக்காவும் நேரில் பார்த்ததில்லை. வேறு ஊரில் ஏதோ அலுவலகத்தில் வரவேற்பறை வேலை, தனியாக இருக்கிறாள், இருமல் தொல்லை உண்டு. இவ்வளவும் எனக்கு அத்துப்படி, ஏனென்றால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவின் போனில் அவள் குரல்தான் கேட்கும். மகளுக்கு இடம் கிடைத்ததை வீட்டுக்காரருக்கு முன்னால் பொத்தானிடம் சொன்னாள். கருப்பையில் கட்டி என்று டாக்டர் சொன்னபோது என்னிடம் சொல்வதற்கு முன்னால் பொத்தானிடம் சொன்னாள். எனக்குப் பொறாமை இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் குழுவில் 'கட்டெறும்பு' என்று ஒரு பெயர் முளைத்தது. படம் போடாது, யாரோடும் பேசாது. அவ்வப்போது யார் படத்துக்காவது அடியில் ஒரு வரி எழுதும். மற்றவர்களுக்கு மாதத்துக்கு ஒன்று என்றால் அக்காவுக்கு வாராவாரம். "கண் செத்திருக்கிறது." "உடம்பு நடக்கிறது, கண் தூங்குகிறது." "கண்ணாடிக் கோலி." எப்போது பார்த்தாலும் கண். அக்கா தன் படங்களில் மிகவும் பாடுபட்டதும் அந்தக் கண்ணில்தான். எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்து தொட்ட கை அது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு கடிக்கும் அக்கா இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடப்பாள். ஒவ்வொரு முறையும் பொத்தான் கூப்பிடுவாள். அந்த எறும்புக்கு வேறு பிழைப்பில்லை, வரையத் தெரியாதவர்கள்தான் வாய் கிழியப் பேசுவார்கள், உன் கண்ணைப் பார்த்தால் எனக்கு அழுகையே வரும் என்பாள். அக்கா மனசைத் தேற்றிக்கொண்டு மறுபடி வரைவாள். மறுபடி ஒரு வரி வரும்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் பொத்தானின் கழுதைக்குக் காது உடைந்தது. கதவிடுக்கில் மாட்டி ஒரு பக்கக் காது தூள். பொத்தான் போனில் அழுத அழுகையைக் கேட்டு, சொந்தத்தில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நான் பதறிப்போனேன். அக்கா கழுதையை அனுப்பச் சொன்னாள். கூரியரில் பஞ்சு சுற்றி வந்தது. எதனால் காது செய்வது? இங்கே இருப்பது பல்லும் ஈறும்தான். ஈறு செய்கிற ரோஸ் அக்ரிலிக்கை எடுத்தாள். நான் மெழுகில் காதைச் செதுக்கிக் கொடுத்தேன், அதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரின் கீழ்ப் பல்செட்டும் அந்தக் கழுதைக் காதும் ஒரே வெந்நீரில் வெந்தன. வெளிப்பக்கத்துக்குப் பழுப்பு வர்ணம் பூசினாள். உள்பக்கத்தை அப்படியே ரோஸாக விட்டாள்.

அந்த அக்ரிலிக்கில் நூலைவிட மெல்லிய சிவப்பு இழைகள் கலந்திருக்கும். ஈறில் ரத்தம் ஓடுவதுபோலத் தெரிவதற்காக அப்படிச் செய்கிறார்கள். எந்த இழை எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பல்செட்டில் விழுந்த மாதிரி இன்னொன்றில் விழாது. கழுதைக் காதில் நுனிக்குச் சற்றுக் கீழே இரண்டு இழைகள் குறுக்காக விழுந்து பெருக்கல் குறி போட்டிருந்தன. தேய்த்து எடுத்துவிடட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம், இனிமேல் இதுதான் அதன் அடையாளம் என்றாள்.

காது போய்ச் சேர்ந்த வாரம் பொத்தான் அரைப் பக்கத்துக்கு நன்றி எழுதினாள். அதே வாரம் கட்டெறும்பு எழுதியது: "இவர் கண் வரையாமல் இருந்தால் நல்ல ஓவியர்."

அக்கா கண் வரைவதை நிறுத்திவிட்டாள். நிஜமாகவே. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக அவள் வரைந்த நரி, ஆமை, முயல், எல்லாமே கண்ணை மூடிக்கொண்டு பெட்டியோடு நின்றன. குழுவில் பாராட்டு குவிந்தது. தூங்கிக்கொண்டே பயணம் போகிற மாதிரி இருக்கிறது, என்ன கற்பனை என்றார்கள். அதுதான் உனக்கு வருகிறது, அதையே பிடித்துக்கொள் என்று பொத்தானும் சொன்னாள். எறும்பும் அடங்கியது. ஆனால் நான் பக்கத்திலேயே இருப்பவள். அவள் முதலில் கண்ணைத் திறந்தபடி வரைவாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள், அப்புறம் ரப்பரை எடுத்து அழித்து இமையை இழுத்துவிடுவாள்.

போன வருஷக் கடைசியில், பட்டியல் வாரத்துக்குப் பத்து நாள் முன்பு, குழுவில் ஒரு சண்டை. கழுதையின் பெட்டிக்குக் கீல் இரண்டா மூன்றா? சிரிக்காதீர்கள், இதற்கு முந்நூறு பேர் மல்லுக்கு நின்றார்கள். ஒரு பழைய ஆசாமி இரண்டுதான் என்று அடித்துச் சொன்னார். கட்டெறும்பு, "மூன்று" என்று எழுதியது. ஆதாரம் கேட்டார்கள். அவர்கள் வீட்டில் திருடன் புகுந்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், பொம்மை விஷயத்தில் ஒருவன் தப்பாகப் பேசினால் பொறுக்க மாட்டார்கள். எறும்பு ஒரு போட்டோவைப் போட்டது. பெட்டியின் பின்பக்கம், மூன்று கீல், தெளிவாக. சண்டை முடிந்தது.

அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன் பிளாஸ்டர் டப்பாவில் சாய்ந்திருந்தது. கையில் எடுத்த கவளத்தை அப்படியே சாப்பாட்டு டப்பாவில் வைத்துவிட்டுப் போனை எடுத்து விரலால் விரித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் நீட்டினாள்.

"இந்த மூலையில ரோஸா தெரியுதே, அது என்னன்னு சொல்லு."

நான் பார்த்தேன். பெட்டிக்கு மேலே, படத்தின் ஓரத்தில், ஒரு காதின் பாதி. பதினாறு வருஷமாக நாள் முழுக்கப் பார்க்கிற நிறம் எனக்குத் தெரியாதா?

"நம்ம ஈறுதான்க்கா இது."

அதில் அந்தப் பெருக்கல் குறியும் இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே இருந்து குழி பறித்திருக்கிறாள், நீ இதை அப்படியே குழுவில் போட்டு அவள் மானத்தை வாங்கு என்று குதித்தேன். அக்கா கேட்கவில்லை. பொத்தான் அந்தப் போட்டோவை வேறு யாருக்காவது அனுப்பியிருக்கலாம், அவர்கள் எறும்பாக இருக்கலாம் என்றாள். கழுதையை யாராவது இரவல் வாங்கிப் போயிருக்கலாம் என்றாள். சாயந்திரம் வரை வேலை செய்துகொண்டே ஒவ்வொரு சாக்காகத் தேடி எடுத்தாள். தன்னை ஏமாற்றியவளுக்காகத் தானே வக்கீலாக நின்றாள். அன்றைக்கு ஒரே பல்செட்டுக்கு மூன்று தடவை நிறம் தப்பினாள்.

மறுநாள் மதியம் பொத்தானைக் கூப்பிட்டாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். உடம்பு, இருமல், குளிர் எல்லாம் விசாரித்து முடித்தாள். பிறகு, கழுதையை யாருக்காவது கொடுத்தாயா, போட்டோ எடுத்து அனுப்பினாயா என்று கேட்டாள். அலமாரியைப் பூட்டிச் சாவியைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன், நீ காது வைத்துக் கொடுத்த கழுதையை இன்னொருத்தர் கையில் கொடுப்பேனா என்று பொத்தான் செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒரு கதவுதான் மிச்சம் இருந்தது, அதையும் பொத்தானே சாத்திவிட்டாள்.

"அப்ப அந்தப் போட்டோல உன் கழுதைக் காது எப்படி வந்துச்சு?"

பட்டறையின் கோடியில் தேய்க்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. போன் கட்டாகிவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். இல்லை, திரையில் நொடி ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு பொத்தான் பேசினாள். அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகத்துக்கு நேரே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையாம். நட்பு போய்விடுமோ என்று பயமாம். சொல்லாமலும் இருக்க முடியவில்லையாம். அதனால் இன்னொரு பெயர் வைத்துக்கொண்டாளாம். கண் நன்றாக வர வேண்டும் என்றுதான் எழுதினாளாம்.

அக்கா பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "எறும்பா எழுதினது நெஜமா, பொத்தானா சொன்னது நெஜமா?" என்றாள்.

"எறும்பா எழுதினதுதான்," என்றாள் பொத்தான். "மத்தது நீ வருத்தப்படக்கூடாதுன்னு."

அக்கா போனை வைத்துவிட்டாள். கை கழுவப் போனாள். தண்ணீர் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. திட்டியது எனக்கு வலிக்கவில்லை, பழகிவிட்டது, பாராட்டியதெல்லாம் பொய்யாகப் போய்விட்டதே, ஒன்பது வருஷத்தை எங்கே போய்த் தேடுவேன் என்று என்னிடம் கேட்டாள். கட்டி என்று தெரிந்த அன்றைக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னாளே, அதுவும் நான் வருத்தப்படக்கூடாது என்றுதானா என்றாள். இருமல் மருந்தில் விஷம் வைத்துக் கொடுக்கலாம் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

பட்டியல் வாரம் வந்தது. அக்கா பட்டியல் போட மாட்டாள், குழுவை விட்டே போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் மதிய நேரத்தில் பெட்டியிலிருந்து தாளை எடுத்தாள். மூன்று நாள் சாப்பாட்டு நேரம் முழுக்க வரைந்தாள். கழுதை. பின்னங்கால் தேய்மானம், பெட்டியின் கைப்பிடியில் கீறல், கீல் மூன்று. அந்தக் காதுக்கு மட்டும் ஒரு முழு மதியம் ஆனது. ஈறின் ரோஸ் அப்படியே வந்திருந்தது. இரண்டு இழைகளும் விழுந்த இடத்தில் விழுந்திருந்தன. பார்க்கிற எவருக்கும் எறும்பின் போட்டோ ஞாபகத்துக்கு வராமல் போகாது.

பழி வாங்குகிறாய், சரியான ஆள்தான் நீ என்று நான் முதுகில் தட்டினேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"இருக்கறத இருக்கற மாதிரி வரையணும். அதானே எங்க சட்டம்."

கடைசி நாள் கண் வரைந்தாள். திறந்த கண். நான் மெழுகுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். ரப்பர் மேசையில்தான் கிடந்தது, அதை அவள் தொடவில்லை. அந்தக் கழுதை தாளிலிருந்து நேராகப் பார்த்தது. ஏதோ தப்பு செய்துவிட்டு, யாராவது கண்டுபிடித்துவிட்டார்களா என்று பார்க்கிற பார்வை. எனக்கு ஓவியம் தெரியாது. எனக்கே அந்தக் கண்ணை விட்டுத் திரும்ப முடியவில்லை.

பட்டியலில் பெயர்களை எழுதவில்லை. படத்தை மட்டும் போட்டாள். ஒன்பது வருஷமாக அவள் முதலில் வரைவது பொத்தானின் பொம்மையைத்தான் என்று குழுவுக்கே தெரியும். மறுநாள் மதியத்துக்குள் குழு இரண்டுபட்டது. யாரோ எறும்பின் போட்டோவை எடுத்துப் பக்கத்தில் ஒட்டிக் காதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டார்கள். நானூறு பேர் கருத்து எழுதினார்கள். பொத்தானைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். நான் ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தேன், ருசித்துப் படித்தேன். அக்கா ஒரு பாட்டியின் மேல் வரிசைப் பற்களுக்கு மஞ்சள் தீற்றிக்கொண்டு சும்மா உம் கொட்டினாள். எதற்கோ காத்திருக்கிறாள் என்று தெரிந்தது. எதற்கென்று தெரியவில்லை.

மூன்று மணி வாக்கில் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி வந்தது. எழுதியது பொத்தான் இல்லை. கட்டெறும்பு.

"கண்ணில் உயிர் இருக்கிறது."

நான் படித்ததும் அக்கா தூரிகையைக் கீழே வைத்தாள். அவள் முகம் மலர்ந்தது. மறைக்க நேரம் கிடைக்கவில்லை அவளுக்கு. மகளுக்கு இடம் கிடைத்த அன்றைக்குக்கூட அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்ததில்லை. அடுத்த நொடியே அது வாடிவிட்டது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பதினாறு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரத்தில் அந்த வரி மறைந்தது. இரண்டு பெயர்களும் குழுவிலிருந்து மறைந்தன. போய்த் தொலைந்தாள், விடு என்றேன். அக்கா ஏப்ரனால் முகத்தைத் துடைத்தாள். கன்னத்தில் ரோஸ் தூள் ஒட்டிக்கொண்டது.

"இதையே அவ பொத்தான்ங்கற பேர்ல எழுதியிருந்தா," என்றாள், "நான் நம்பியிருக்க மாட்டேன்டி."